‘ரு’ மட்டும் பாக்கி

சித்த அந்தப் பக்கம் நகருங்க தம்பி. போதுமுங்க, போதுமுங்க. பொண்ணோட காலு உங்க மேல பட்டா தப்பா நெனைக்காதீங்க. தூங்கறப்பவும் சும்மா இருக்காது, சைக்கிள் ஓட்டும். என்ற பேத்திதானுங்க. பதிமூணு மாசம். பேரா? அதைச் சொல்லோணும்னா பல்செட்டைக் கெட்டியாப் புடிச்சுக்கோணும். ஹர்ஷ்விகா. என்ற பையன் கம்ப்யூட்டர்ல தேடி எடுத்த பேருங்க. நாலு நாள் பழகிப் பாத்தேன், வாய்க்குள்ள நிக்கலை. அச்சுன்னு வெச்சுட்டேன். லாரிக்கு அச்சு மாதிரி வீட்டுக்கும் ஒண்ணு வேணுமில்லீங்க.

மெதுவாப் பேசுவோம். ரெண்டு சீட்டு முன்னால சன்னலோரமா பச்சை சுடிதார் தெரியுதுங்களா? அது என்ற மருமவ இந்துமதி. பஸ்ஸுல ஏறுனா அதுக்கு வாந்தி வரும், காத்து வேணும். அதனாலதான் கொழந்தை என்ற மடிக்கு வந்துச்சு. இல்லீன்னா குடுக்குமா? நல்ல புள்ளைதானுங்க, நான் குத்தம் சொல்லலை. ஆனா அப்பன் வீட்டுப் பக்கம் சாயற புள்ளை. இந்த வெவகாரத்துல அது எனக்கு எதிர்க்கட்சி.

நீங்க எந்த ஊருங்க? பட்டுக்கோட்டையா? சரியாப் போச்சு. உங்களுக்கு தாத்தான்னா எல்லாரும் தாத்தா. அப்பனைப் பெத்தவரும் தாத்தா, ஆத்தாளைப் பெத்தவரும் தாத்தா. சண்டைக்கே வழியில்லை. எங்க பக்கம் அப்படி இல்லீங்க. அப்பனைப் பெத்தவன் அப்பாரு. அம்மாளைப் பெத்தவரு அப்புச்சி. நான் சென்னியப்பன், சங்ககிரி, முப்பது வருசம் லாரி ஓட்டுனவன், இவளுக்கு அப்பாரு. உடுமலைப்பேட்டையில எங்க சம்பந்தி நாச்சிமுத்து வாத்தியாரு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, அவரு அப்புச்சி. இந்தப் பொண்ணு வாயில முதல்ல அப்பாரு வருமா, அப்புச்சி வருமான்னுதானுங்க ஆறு மாசமா எங்களுக்குள்ள போட்டி. சிரிக்காதீங்க தம்பி. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? இன்னும் இல்லீல்ல? அப்ப சிரிங்க.

நான் ஏழாவது மாசத்துலயே ஆரம்பிச்சுட்டேன். மருமவ குளிக்கப் போற நேரம், வீட்டுக்காரி கடைக்குப் போற நேரம், அதுதான் என்ற பள்ளிக்கூடம். மடியில வெச்சுக்கிட்டு, ‘அப்பாரு சொல்லு கண்ணு, அப்பாரு’. ஒரு நாளைக்கு நூறு தடவை. பொண்ணு என்ற மீசையைப் புடிச்சு இழுக்கும், மூக்குக்குள்ள வெரலை வுடும். வுட்டுட்டுப் போகட்டும், பாடம் நடக்குதில்லீங்க.

பதினோராவது மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வாயைத் தொறந்துச்சு. என்ற மூஞ்சிக்கு நேரா, கண்ணுக்குள்ள பாத்து, ‘அப்பா’ன்னுச்சு. ‘ரு’ மட்டும்தான் பாக்கி. நான் ‘ம், சொல்லு சாமி, சொல்லு’ங்கறேன். அதுக்குள்ள என்ற பையன் தனசேகரு, பாத்ரூம்ல பல்லு வெளக்கிட்டு இருந்தவன், வாயெல்லாம் நொரையோட ஓடியாந்து, ‘என்னையக் கூப்புட்டுருச்சு! என்னையக் கூப்புட்டுருச்சு!’ன்னு பொண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டான். அட அக்குருமமே! அவன் அங்க கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கறான். பொண்ணு பாக்கறது என்னை. அப்ப யாரைக் கூப்புட்டுச்சு? நீங்களே சொல்லுங்க. டீசல் தீந்து ஒரு லாரி பவானியில நின்னுருச்சு, அதுக்காக அது பவானிக்கு வந்த லோடு ஆயிருமா? சேலத்துக்குப் போற லோடுதானுங்க? இதை நான் அவன்கிட்ட எடுத்துச் சொன்னேன். ‘அப்பா, லூசு மாதிரி பேசாதீங்க’ன்னுட்டான். சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன்ல படம் எடுத்து அனுப்பிட்டான். நான் எடுத்த பாடத்துக்கு அவன் பேரு வாங்கிட்டுப் போயிட்டான்.

சரி, போனது போகட்டும், ‘ரு’ ஒண்ணுதானே, ஒரு மாசத்துல சேத்துப்புடலாம்னு இருந்தனுங்க. அப்பத்தான் உடுமலைப்பேட்டைச் சம்பந்தியம்மாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. கண்புரை ஆபரேசன். அடுப்புக்கிட்டப் போவக்கூடாது, குனியக்கூடாதுன்னு மருமவ கொழந்தையைத் தூக்கிட்டுப் பொறப்பட்டுருச்சு. ஒரு கண்ணுன்னா இருவது நாள். நான் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். இருவதாவது நாள் போன் வருது, ‘மாமா, வந்ததோட வந்தாச்சு, இன்னொரு கண்ணையும் பண்ணிரலாம்னு டாக்டர் சொல்றாருங்க’. பாத்தீங்களா? மனுசனுக்கு ஆண்டவன் ரெண்டு கண்ணு எதுக்குக் குடுத்தான்னு அன்னைக்குத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. மொத்தம் நாப்பது நாளுங்க. நாப்பது நாளும் பொண்ணு வாத்தியாரு கையில. அவரு முப்பத்தஞ்சு வருசம் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து பாடம் நடத்துன ஆளு. நான் யாரு? வண்டிக்குப் பின்னால ‘ஹாரன் அடி’ன்னு எழுதியிருக்கறதை மட்டும் படிச்ச ஆளு.

சும்மா இருப்பனா? வீடியோ போன் போட்டேன். தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. ‘அச்சுக்கண்ணு, அப்பாரு பேசறேன், அப்பாரு’. ஒரு வாரம் கழிச்சு மருமவ சொல்லுது, ‘மாமா, போனைக் காதுல வெச்சுக்காதீங்க, கொழந்தைக்கு உங்க காது மட்டும்தான் தெரியுது’. ஏனுங்க, போனைக் காதுல வெக்காம பின்ன எங்க வெப்பாங்க? கையை நீட்டி மூஞ்சிக்கு முன்னால புடிச்சா எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. முப்பது வருசம் இஞ்சின் பக்கத்துல உக்காந்த காதுங்க இது. அதனால அடுத்ததா ஒரு வேலை பண்ணேன். என்ற கொரலைப் பதிவு பண்ணி அனுப்பிட்டேன். தொண்டையைச் செருமிக்கிட்டு, ‘அப்பாரு, அப்பாரு, அப்பாரு’ன்னு அம்பது தடவை. சோறு ஊட்டறப்ப ஒருக்கா, குளிப்பாட்டறப்ப ஒருக்கா, தூங்கப் போடறப்ப ஒருக்கா போட்டுக் காட்டச் சொன்னேன். மாத்திரை மாதிரி, மூணு வேளை.

இதுக்கு நடுவுல மருமவ ஒரு போட்டோ கேட்டுச்சு. ‘மூஞ்சி நல்லாத் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க மாமா’. எதுக்கும்மான்னு கேட்டா, ‘சும்மாத்தான் மாமா’ன்னுது. லைசன்ஸுக்கு எடுத்தது இருந்துச்சு, அனுப்பிச்சேன். அதைக் கடையில குடுத்துப் பெரிசாப் போட்டு வாங்கிட்டு வந்துச்சாம். பெரிசா எதுக்குங்க? எனக்கு ஒண்ணும் ஆகலையே. அதையும் சொல்றேன், இருங்க. நேத்து அந்தப் போட்டோவுக்கு அங்க நடந்திருக்கற மரியாதையைப் பாத்தேன்.

நேத்துச் சாயங்காலந்தான் உடுமலைப்பேட்டை போனேன். கூட்டிட்டு வர என்ற பையன் போறேன்னான். ‘உனக்கு ஆபீஸ் இருக்குது, நான் போறேன்’னு முந்திக்கிட்டேன். முதல்ல பொண்ணு வாயில என்ன வருதுன்னு நான் பாத்துரோணும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அஸ்ஸாமுக்கு மழையில மலைப்பாதையில வண்டி ஓட்டிட்டுப் போனவன் நான், அப்பக்கூட இப்படி அடிச்சதில்லை. ஊட்டுக்குள்ள போனேன். ஆடிக்காத்துக்கு இந்த மப்ளரைத் தலையோட காதோட மீசை வரைக்கும் சுத்திக் கட்டியிருந்தேன். பொண்ணு கீழ உக்காந்து கரண்டியைத் தரையில தட்டிட்டு இருக்குது. நான் ரெண்டு கையையும் விரிச்சு, ‘அச்சு! யாரு வந்திருக்கறா பாரு!’ன்னேன்.

மேலயும் கீழயும் பாத்துச்சுங்க. ஓட்டு கேக்க வந்தவனைப் பாக்கற மாதிரி பாத்துச்சு. சரியா அந்த நேரம் பாத்து டிவிக்குப் பக்கத்துல இருந்த போன் அடிச்சுச்சு. பொண்ணு அந்தப் பக்கம் திரும்பி, வெரலை நீட்டி, மூஞ்சியெல்லாம் பல்லா, ‘அப்பாரு!’ங்குது.

போனை, தம்பி. போனைத்தான்.

நாப்பது நாளா அதுக்குள்ள இருந்துதானே ‘அப்பாரு அப்பாரு’ன்னு சத்தம் வந்துச்சு? பொண்ணு என்ன நெனைச்சுக்கிச்சு, அந்தச் சாமானுக்குப் பேரே அப்பாருன்னு நெனைச்சுக்கிச்சு. யார் போன் அடிச்சாலும் சரி, வாத்தியாரு போன், பக்கத்து வீட்டுப் போன், கேஸ்காரன் போன், எல்லாமே அப்பாரு. எங்க இருந்து அடிச்சாலும் தேடிப் புடிச்சு வெரலை நீட்டும். அந்த ‘ரு’வைச் சுத்தமாச் சொல்லுதுங்க. ஒரு பிசிறு இல்லை. அதுதான் எனக்கு ஆத்தரம்.

வாத்தியாரு சிரிக்கறாரு. தோள்ல இருந்த துண்டு நழுவிக் கீழ வுழுந்தது தெரியாம சிரிக்கறாரு. ‘சம்பந்தி, சார்ஜ் போட்டீங்களா?’ங்கறாரு. வயசான மனுசன், மரியாதைக்குப் பொறுத்துக்கிட்டேன். சித்த நேரத்துல பொண்ணு தவழ்ந்து தவழ்ந்து அவருகிட்டப் போச்சு. வேட்டியைப் புடிச்சு நின்னுச்சு. அண்ணாந்து பாத்துச் சொல்லுது, ‘பூச்சி’.

சாமி சத்தியமாங்க. அப்புச்சியில ‘அப்’ அந்துபோய் பூச்சி ஆயிருச்சு! மனுசன் முப்பத்தஞ்சு வருச அனுபவத்தைப் போட்டு, எழுத்து எழுத்தாப் பிரிச்சு, கரும்பலகையில எல்லாம் எழுதிக் காட்டியிருக்கறாரு. கடைசியில பல்லியும் பூச்சி, கரப்பானும் பூச்சி, ஹெட்மாஸ்டரும் பூச்சி. நேத்து ராத்திரிச் சோத்துல உப்பில்லை, எனக்கு அது கூடத் தெரியலை, அவ்வளவு ருசியாச் சாப்பிட்டேன்.

ஆனா ஒண்ணு. தண்ணி எடுக்கப் போனா, பிரிட்ஜ் கதவுல கீழ, கொழந்தை உசரத்துக்கு, என்ற போட்டோவை ஒட்டி வெச்சிருக்கறாங்க. கீழயா ஒட்டுவாங்க ஒரு பெரிய மனுசன் போட்டோவை? சரி, ஒட்டுனாங்க. வாயில பாத்தா பருப்புஞ் சோறு. காஞ்சு போன சோறு, பிஸ்கெட்டுத் தூளு, வாழப்பழம், எல்லாம் என்ற மீசையில அப்பியிருக்குது. மரியாதையான்னு கேளுங்க. துண்டை நனைச்சு நானே என்ற மூஞ்சியைத் தொடைச்சுட்டு வந்தேன். மருமவ பாத்துட்டு, ‘ஐயோ மாமா, அது வந்துங்க, கொழந்தைதான்’னு ஏதோ சொல்ல வந்துச்சு. ‘வேண்டாம்மா, எனக்குப் புரியுது’ன்னுட்டேன். அப்புறமும் அந்தப் புள்ளை வுடலை. ‘மாமா, அந்த மப்ளரைக் கழட்டிட்டுக் கொழந்தைகிட்டப் போங்க’ன்னு ரெண்டு தடவை. அவங்கப்பன் ஊட்டுல நான் மப்ளர் கட்டறது கௌரவக் கொறைச்சல் போல. கழட்டலையே. எனக்கும் ரோசம் இருக்குதில்லீங்க. கட்டிக்கிட்டே படுத்தேன், கட்டிக்கிட்டே பஸ் ஏறிட்டேன்.

எதுக்கு இவ்வளவு பாடுன்னு பாக்கறீங்களா? கேக்க மாட்டேங்கறீங்க, ஆனா மூஞ்சியில தெரியுது. சொல்றேன். இதை என்ற பையன்கிட்டக் கூடச் சொன்னதில்லை.

அவன் இவளை மாதிரி இருந்தப்ப எனக்கு கௌஹாத்தி லைன். போனா நாப்பது நாளு, அம்பது நாளு. ஒரு நாள் காலையில வண்டியை எடுத்துட்டேன். வீட்டுக்காரி அவனை இடுப்புல வெச்சுக்கிட்டு ரோட்டோரமா நின்னா. நான் இஞ்சினைப் போட்டுட்டு, கையை வீசிட்டுப் போயிட்டேன். நாப்பத்திரண்டு நாள் கழிச்சு வந்தப்பச் சொன்னா, ‘பையன் பேசிட்டானுங்க, நீங்க போனீங்களே அன்னைக்கே, உங்களைப் பாத்து டாட்டான்னான். அதுதான் முதல் பேச்சு’ன்னா. எனக்குக் கேக்கலைங்க. அவன் வாயசைஞ்சதைக்கூட நான் பாத்தேன், அழுவறான்னு நெனைச்சேன். இஞ்சின் சத்தம். அந்த வண்டியும் போச்சு, அந்த லைனும் போச்சு, முப்பத்தி மூணு வருசம் ஆச்சு. இன்னமும் எனக்கு அது வருத்தந்தானுங்க. அவன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தையே ‘போயிட்டு வா’ங்கறதுதான், அதுவும் என்ற காதுல வுழுகலை.

அதனால இவ ஒருக்கா என்னைக் கூப்புட்டு நான் கேட்டுரோணும். அவ்வளவுதான். பெரிசா ஒண்ணும் கேக்கலையே?

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீங்க ஈரோடுதானே எறங்கறீங்க? டிக்கெட் எடுக்கறப்பவே காதுல வாங்கிட்டேன். அதுனாலதான் உங்க பக்கத்துல உக்காந்தேன். தப்பா நெனைக்காதீங்க. ஈரோடு பஸ் ஸ்டாண்டுல என்ற பையன் காரோட நிப்பான், வீட்டுக்காரியும் வந்திருப்பா. நான் பொண்ணைத் தூக்கிட்டு எறங்குவேன். என்ற போன் இதோ, சட்டைப் பையில, நெஞ்சுக்கு நேரா இருக்குது. நீங்க பின்னாலயே எறங்கி, சும்மா போற மாதிரி போயி, என்ற நம்பருக்கு ஒரே ஒரு ரிங் குடுக்கோணும். போன் அடிக்கும். பொண்ணு என்ன பண்ணும்? நெஞ்சுல வெரலை வெச்சு, ‘அப்பாரு’ங்கும். பாக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைத் தொட்டுக் காட்டிக் கூப்புட்ட மாதிரி இருக்குமில்லீங்க! என்ற பையன் மூஞ்சியை நான் பாக்கோணும். அவன் ‘அப்பா’வை எடுத்துக்கட்டும், எனக்கு ‘ரு’வோட முழுசா வந்துருச்சுல்ல.

ஏமாத்து வேலைன்னா சொல்றீங்க? வாத்தியாரு பக்கமா நீங்களும்? போனு என்றதுதான், நெஞ்சு என்றதுதான், பேத்தி என்றதுதான். இதுல யாரை ஏமாத்தறேன்? உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தர்றேன். சரி, பஜ்ஜியும் சேத்து.

பேசிட்டே காங்கேயம் வந்துட்டோம் பாருங்க. இங்க பத்து நிமிசம் நிக்குமுங்க, டிரைவர் டீக்குடிக்க எறங்கறாரு. ஆகா, இஞ்சினை அமத்துனதும் முழிச்சுக்கிச்சு. லாரிக்காரன் பேத்திங்க, வண்டி ஓடுனாத் தூங்கும், நின்னா முழிக்கும். வா கண்ணு, வா சாமி. அழுவாதே. இந்தா, பிஸ்கெட்டு. ரெண்டு கையிலயும் புடிச்சுக்க. காத்து நின்னதும் என்ன புழுக்கம் புழுங்குது! சித்த இருங்க, இந்த மப்ளரை உருவிக்கறேன். மருமவ சொல்லிக் கழட்டலைங்க, புழுக்கத்துக்குக் கழட்டறேன், அது வேற.

நம்பரைப் போட்டுக்கிட்டீங்களா? தொண்ணூத்தி நாலுல ஆரம்பிக்கும். ஈரோட்டுல சொதப்பிறக் கூடாது, இங்கயே ஒரு ஒத்திகை பாத்துருவோம். நான் நெஞ்சை நிமித்தி உக்காந்துக்கறேன். பொண்ணை இப்படித் திருப்பிக்கறேன். சரி, இப்ப அடிங்க.

கேட்டீங்களா! கேட்டீங்களா தம்பி! ‘அப்பாரு’! ‘ரு’வோட! எப்படி ஒலிக்குது பாத்தீங்களா? உங்க கை ராசியான கைங்க, ரெண்டு பஜ்ஜி வாங்கித் தர்றேன்.

என்ன முழிக்கறீங்க?

இன்னும் அடிக்கவே இல்லீங்களா? தொண்ணூத்தி நாலுக்கு அப்புறம் நான் சொல்லவே இல்லையா?

அப்ப இது யாரைக் கூப்புட்டுச்சு?

ஏஞ்சாமி, பிஸ்கெட்டை ஏன் என்ற வாயில திணிக்கறே? நீ தின்னு கண்ணு, எனக்குச் சர்க்கரை. மீசையெல்லாம் ஆக்கிட்டியே. என்ன? என்ன சொன்னே? தம்பி, திரும்பவும் சொல்லுதுங்க. சட்டைப் பையைப் பாக்கலை. நல்லாப் பாருங்க, என்ற மூஞ்சியைத்தானே பாக்குது? நீங்க சாட்சி. ஈரோட்டுல என்ற பையன்கிட்ட வந்து சொல்லோணும்.

ஆமாங்க, அழுவறேன். அழுதா என்ன இப்ப? நீங்க அந்தப் போனை உள்ள வைங்க, ரிங்கு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

அங்க பாருங்க, மருமவளுக்குத் தோள் குலுங்குது. வாயை வேற கையால பொத்திக்கிட்டு இந்தப் பக்கம் பாக்குது. பாவம், வாந்தி வந்துருச்சாட்ட இருக்குது. கண்டக்டர் தம்பி, அந்த அம்மிணிக்கு ஒரு கவர் குடுங்க! கண்ணுல எல்லாம் தண்ணி வருது பாருங்க.

அட, அதுக்குள்ள டிரைவர் ஏறிட்டாரா? ஏனுங்க டிரைவரு! சாவியைத் தொடாதீங்க, ஒரு நிமிசம்! நானும் முப்பது வருசம் ஓட்டுனவன், சொன்னாக் கேளுங்க. பொண்ணு இன்னொருக்காச் சொல்லப் போகுது, இஞ்சினைப் போட்டுட்டீங்கன்னா எனக்கு ஒண்ணும் கேக்காதுங்க.